கழலாத சக்கரம்

அண்ணி பட்டறைக்குள் வந்து வேலை மேசைமேல் வண்டிச் சாவியை வைத்தபோது, சின்னவன் யாரோ ஒருவருடைய காரின் அடியில் படுத்திருந்தான். செருப்பைப் பார்த்தே வந்திருப்பது யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் வெளியே வரவில்லை. அண்ணன் போனதிலிருந்து அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவனுக்குத் தெம்பு இருந்ததில்லை. ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை மறுபடியும் மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, போல்ட்டு தலை முறிஞ்சிடப் போகுது. வெளிய வா," என்றாள் அண்ணி.

வேறு வழியில்லாமல் வந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. பட்டறை ஓரத்தில் கிடக்கும் பிக்கப் வண்டியின் பின் ஆக்சிலை மாற்றித் தர வேண்டும், லாரிக்குப் போடுவதுபோலக் கனமானதாக, மழை பிடிப்பதற்குள் வேண்டும் என்றாள். வண்டியை விற்கப் போகிறாள், நல்ல விலைக்குப் போகட்டும் என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையை ஆட்டினான்.

"விக்கிறதுக்கு இல்ல. நான்தான் ஓட்டப் போறேன். மலைக்கு."

சின்னவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான், வைத்தான், மறுபடி எடுத்துத் துடைத்தான்.

போன மழைக்காலத்தில் அந்த மலைப் பாதையில், அந்த வண்டியில்தான் அண்ணன் செத்தான். மேலே இருக்கும் குடியிருப்புக்குச் சாமான் ஏற்றிப் போவது அவன் வேலை. அன்றைக்கு வழக்கத்தைவிடப் பாரம் அதிகம். பாதி வழியில் சறுக்க ஆரம்பித்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கியிருக்கிறான். ஒரு வளைவில் வலப்பக்கப் பின் ஆக்சில் முறிந்து, சக்கரம் தனியே கழன்று ஓட, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. வண்டிக்கு ஒரு கதவு நசுங்கியது, கண்ணாடி போனது, அவ்வளவுதான். உள்ளே இருந்தவனுக்குத்தான் எல்லாமே போய்விட்டது.

இதில் சின்னவனால் தாங்க முடியாதது எதுவென்றால், பட்டறையைச் சேர்ந்து நடத்திய அண்ணன் தம்பி இருவருக்குமே இப்படி ஆகும் என்று முன்பே தெரியும் என்பதுதான். அந்தப் பழைய ரக ஆக்சிலில் ஒரே இரும்புத் தண்டு இரண்டு வேலை பார்க்கும். சக்கரத்தைச் சுற்றுவதும் அதுதான், பாரத்தைத் தாங்குவதும் அதுதான். அது முறிந்தால் முறிந்த துண்டோடு சக்கரமும் கிளம்பிவிடும். கனமான ரகத்தில் அப்படியில்லை. பாரத்தை வெளியே இருக்கும் குழாய் தாங்கிக்கொள்ளும். உள்ளே போகும் தண்டுக்குச் சுற்றுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. தண்டு முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். மலைக்குப் போகிற வண்டிக்காரர்களை உட்காரவைத்து அண்ணன் இதைப் பாடமாகவே நடத்துவான். ஊரார் வண்டிகளுக்கு இருவரும் சேர்ந்து மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள். சொந்த வண்டி என்று வந்தால் மட்டும் அடுத்த மாசம். நச்சரித்தால் சிரிப்பான். "அது என்னை விட்டுட்டு எங்கடா போயிடும்?" என்பான். போய்விட்டது.

செத்தவன்மேல் கோபப்படுகிறவன் மனுஷனா என்று சின்னவன் தன்னையே கேட்டுக்கொள்வான். ஆனால் அழுகை வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் கோபம் வந்து நின்றது. அதனால் அவன் இதுவரை சரியாக அழவும் இல்லை. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே வீட்டில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. மலைக்குப் போகும்போது அண்ணன் பெரும்பாலும் துணைக்கு அவளைக் கூட்டிப்போவான். ஊர் எல்லை தாண்டியதும் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் குறட்டை விடுவானாம். "பாதிக்கு மேல நான்தான் ஓட்டியிருக்கேன். பேரு மட்டும் அவருக்கு," என்றாள். குடியிருப்புக்காரர்கள் இப்போது மூட்டைகளைத் தலைச்சுமையாகத் தூக்கிப்போகிறார்களாம். விபத்தன்று பள்ளத்தில் இறங்கி அண்ணனை மேலே தூக்கி வந்தவர்களும் அவர்கள்தான். சின்னவன் அந்தப் பாதையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் முடிக்க விடவில்லை.

"பாதை ஒண்ணும் பண்ணல தம்பி. வண்டியும் ஒண்ணும் பண்ணல. ஒரு ஆக்சில்தான் பண்ணுச்சு. அத மாத்திக் குடு."

அன்று சாப்பிடும்போது அவன் மனைவி பட்டென்று சொல்லிவிட்டாள், செய்து கொடுக்காதீர்கள் என்று. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அண்ணியை யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்கள்தான் உட்கார்ந்து உருகிப்போவீர்கள் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரே குடும்பத்தில் ஒரே வண்டிக்கு இரண்டு பேரைக் கொடுக்க அவனால் முடியாது. முடியாது என்று அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆகவே நம்மில் பலர் செய்வதைத்தான் அவனும் செய்தான். சரி என்று சொல்லிவிட்டு இழுத்தடித்தான்.

பழைய இரும்புக் கடையில் சரியான ஆக்சில் இல்லை என்றான். கிடைத்தது என்றதும், குழாய் வளைந்திருக்கிறது என்றான். வெல்டிங்காரர் ஊரில் இல்லை என்றான். அந்த மனிதர் அடுத்த தெருவில்தான் நாள் முழுக்கப் பொறி பறக்க விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி எதையும் மறுத்துப் பேசவில்லை. மத்தியான வேளைகளில் வந்து, ஓரமாகக் கிடக்கும் பழைய டயர்மேல் உட்கார்ந்து பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எழுந்துபோய், வெல்டிங்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. பழைய ஆக்சிலை அன்றே இறக்கினான்.

இறக்கிய பிறகு கதை மாறிவிட்டது. முறிந்த தண்டின் மிச்சத் துண்டு உள்ளேயே இருந்தது. அதை உருவிக் கையில் எடுத்தான். முறிவின் ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தது, மறுபாதி இன்னும் வெள்ளையாக மின்னியது. கறுத்த பாதி பல மாதங்களாகவே விரிசல் விட்டிருந்த இடம். அவன் அதைச் சுவரோரம் வீசியெறிந்தான். இனிமேல் இந்த வண்டியின் பின்பக்கத்தை எமனே வந்து இழுத்தாலும் கழலக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினான். அண்ணி போகக் கூடாது என்று நினைத்த அதே மனம்தான், போனால் எதுவும் ஆகக் கூடாது என்றும் நினைத்தது. ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களை வெட்டி, புது அளவுக்குப் பற்றவைத்தான். பேரிங் எல்லாம் புதிது. பிரேக் குழாய் புதிது. எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டை அளந்து குறைத்தான். ஒரு பற்றவைப்பு மனதுக்குப் பிடிக்காமல், அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். வெல்டிங்காரர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி கல்லுபோல ஆடாமல் ஓடியது. வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரி, எஞ்சின் கூடுதலாகக் கத்துகிற மாதிரி இருந்தது. கனமான ஆக்சில், இழுவை கூடியிருக்கிறது, பாரம் ஏற்றுகிறவளுக்கு நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டான். அந்தச் சந்தோஷத்துக்கு அவன் தலையில் நாமே ஒரு குட்டு வைக்கலாம்.

ஊருக்கு வெளியே மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. களிமண் சரிவு, எப்போதும் ஈரம். அங்கே தனியாகக் கொண்டுபோய், நாலு சக்கரமும் இழுக்கிற லீவரைப் போட்டு மேலே ஏற்றினான். பாதிச் சரிவில் வண்டிக்குப் பைத்தியம் பிடித்தது. அடியில் எங்கேயோ முனகியது. முன்சக்கரங்கள் ஒரு வேகத்தில் பறித்தன, பின்சக்கரங்கள் வேறொரு வேகத்தில் வந்தன, இரண்டுக்கும் நடுவே வண்டி துள்ளி ஒரு பக்கமாக இழுத்தது. பின்னோக்கி இறக்கி நிறுத்தி லீவரை எடுக்கப் பார்த்தால், அது வர மறுத்தது. சின்னவன் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். இறங்கிப் பார்க்கவே தேவையில்லை, புரிந்துவிட்டது.

கனமான வண்டியின் ஆக்சிலுக்கு உள்ளே பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் வேறு. முன் ஆக்சில் பழைய பல்லில் சுற்றுகிறது, பின் ஆக்சில் புதுப் பல்லில் சுற்றுகிறது. இரண்டு சக்கரத்தில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. நாலும் சேர்ந்து இழுக்கும்போது முன்னதும் பின்னதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இது வேலை பழகவந்த முதல் வருஷமே தெரிகிற விஷயம். அண்ணனைக் கொன்ற பின்பக்கத்தையே பார்த்துப் பார்த்து, வண்டிக்கு முன்பக்கம் ஒன்று இருப்பதையே அவன் மறந்துவிட்டான்.

அண்ணன் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒருவன் முடித்த வண்டியை மற்றவன் சுற்றிவந்து கேள்வி கேட்காமல் வெளியே விடுவதில்லை என்பது அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம். ஸ்பேனரைத் தொடாதவன்தான் கேட்க வேண்டும். கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய் ஊற்றினாயா, சக்கரம் எத்தனை இருக்கிறது, முன்னது பின்னது ஒன்றாகச் சுற்றுகிறதா என்று அண்ணன் வேண்டுமென்றே கடுப்பேற்றுவான். இந்த வண்டியைச் சுற்றிவந்து கேட்க ஆள் இல்லை. சின்னவனும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி லீவரை ஒருவழியாக எடுத்து, திரும்ப ஓட்டிவரும்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் முதலில் வெட்கமாக இருந்தது, பட்டறை வருவதற்குள் வெட்கம் போய்விட்டது. நாலு சக்கர இழுவை இல்லாமல் மழையில் அந்த மலைக்கு யாரும் போவதில்லை. முன்பக்கத்தைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டால் போதும். வண்டி சமவெளியில் ஜோராக ஓடும். பின்பக்கம் ஜென்மத்துக்கும் கழலாது. அண்ணியும் உயிரோடு இருப்பாள். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

அண்ணியிடம் அப்படியே சொன்னான். கனமான ஆக்சில் போட்டால் அந்த லீவரை இனிமேல் தொடக் கூடாது, தொட்டால் கியர் பெட்டி போய்விடும், அதனால் மலைக்குத் தோதுப்படாது, ஊருக்குள் ஓட்டுங்கள் என்றான். உண்மைதான். சரிசெய்ய வழி உண்டு என்கிற மிச்ச உண்மையை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். அண்ணி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சரி தம்பி என்று சாவியை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தெருவில் இறக்கி, அழகாகத் திருப்பிக்கொண்டு போனாள். சின்னவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மனைவி பட்டறைக்கே வந்துவிட்டாள், வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. அண்ணி வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது, பின்னால் மூட்டையாக அடுக்கிக் கயிறு கட்டியிருக்கிறது, காலையில் மலைக்குப் போகிறாளாம் என்றாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சின்னவன் கையைக்கூடக் கழுவாமல் ஓடினான்.

அண்ணி தார்ப்பாயின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கத்தப் போனான். அவள் முந்திக்கொண்டாள். லீவர் இறுகிப்போய் ஒரு மழைக்காலம் முழுக்க உன் அண்ணன் ரெண்டு சக்கரத்திலேயே போய்வந்தது உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். பாரத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன், மெதுவாகப் போவேன், வழுக்கினால் இறங்கிக் கல் வைப்பேன் என்றாள். அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. நாளைக்குத் துணி துவைக்கப் போகிறேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அவள் எப்படியும் போகப்போகிறாள் என்பது அந்த வாசலில்தான் அவனுக்கு உறைத்தது. அவளை நிறுத்துவது அவன் கையில் என்றைக்குமே இருந்ததில்லை. நாலு சக்கரத்தோடு போவதா, ரெண்டோடு போவதா என்பது மட்டும்தான் அவன் கையில் இருந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, வழுக்குகிற மலைக்கு அரை வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"அண்ணி, தப்பு என்மேல. பின்னாடி பல்லு வேற, முன்னாடி பல்லு வேற. பாக்காம மாட்டிட்டேன். அதச் சரி பண்ணலாம். சொன்னா நீங்க மலைக்குப் போயிடுவீங்கன்னுதான் சொல்லல."

அண்ணி முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான்; திட்டியிருந்தால் தேவலை. "நீ எதையோ மறைக்கிறன்னு நேத்தே தெரியும்," என்றாள். "எத மறைக்கிறன்னுதான் தெரியல."

மூட்டைகளை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள்.

முன் ஆக்சிலைத் திறந்து, உள்ளே கிரவுன், பினியன் என்கிற பல்சக்கர ஜோடியை மாற்றிப் பல்லை ஒன்றாக்கினான். மழை அதற்குள் பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது கொட்டுகிற சத்தத்தில் பேசத் தேவையில்லாமல் போனது நல்லதாயிற்று. களிமண் சரிவுக்குக் கொண்டுபோய், இந்தத் தடவை அண்ணியையே ஓட்டச் சொன்னான். வண்டி முனகாமல், துள்ளாமல், நாலு காலையும் ஊன்றி ஏறியது. மேலே போய் லீவரை எடுத்தாள், அது வெண்ணெய்போல வந்தது. அவள் முகத்தில் மட்டும் தெளிவில்லை. பட்டறைக்கு வந்து இறங்கியதும் நேராகப் பின் வலது சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆக்சில் முறிஞ்சா இது நிக்கும்னு சொன்னியே. நிக்குமா?"

நிற்கும் என்று ஆரம்பித்து, குழாய், பாரம், பேரிங் என்று விளக்கினான். அவள் தலையை அசைத்தாள்.

"சொல்லாத தம்பி. காட்டு."

சின்னவன் ஸ்பேனரை எடுத்தான். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை. அது தன் காலிலேயே நின்றது. சக்கரத்தின் நடு மூடியில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தண்டைப் பிடித்து இழுத்தான். எண்ணெய் சொட்ட, கை நீளத்துக்கும் மேல் இருந்த இரும்பு முழுசாக வெளியே வந்தது. அதைத் தரையில் வைத்தான். ஓட்டையைத் துணியால் அடைத்தான். வண்டி இம்மியும் சாயவில்லை. பிறகு ஏறி உட்கார்ந்து லீவரைப் போட்டு, முன்சக்கரங்களின் இழுவையிலேயே பட்டறை முற்றத்தில் மெதுவாக ஒரு சுற்று விட்டான். உள்ளே ஒன்றுமில்லாத அந்தச் சக்கரம், ஒன்றுமே நடக்காததுபோல உருண்டுகொண்டு வந்தது. அண்ணி மழையில் நனைந்துகொண்டே அதன் கூடவே நடந்தாள்.

வண்டி நின்றதும் குனிந்து சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். காலால் உதைத்தாள். அது அசையவில்லை.

"அன்னைக்கு இது இருந்திருந்தா?"

சின்னவன் எஞ்சினை அணைத்தான். பொய் சொல்ல இனி அவனுக்கு உரிமை இல்லை. "டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும் அண்ணி. வண்டி இழுக்காது. பிரேக்க மிதிச்சு ஓரமா நிறுத்திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே அண்ணன் வீட்டுக்கு நடந்து வந்திருப்பான்."

அண்ணி தரையில் கிடந்த தண்டைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். சேறென்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி மனுஷா," என்றாள். அவள் சின்னவனிடம் பேசவில்லை. "ஊர்ல இருக்கிறவன் வண்டியெல்லாம் பாத்தியே. உன் வண்டிக்கு உனக்கு நேரம் கெடைக்கலையா? எனக்காக ஒரு நாள் கெடைக்கலையா உனக்கு?"

அண்ணனை அவள் ஒருமையில் பேசி அவன் கேட்டதே இல்லை. சக்கரத்தைக் கையால் அடித்து அடித்து அழுதாள். இத்தனை நாளும் தான் ஒருவன்தான் செத்தவன்மேல் கோபப்படுகிற கேடுகெட்டவன் என்று சின்னவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கோபத்தோடு இன்னொருத்தியும் இதே ஊரில் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். அவன் வண்டியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தான். கோபம் வழிவிட்டது. மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, அண்ணனுக்காக முதல்முறையாக வாய்விட்டு அழுதான்.

வெகு நேரம் கழித்து அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த நனைந்த முந்தானையில் துடைத்து என்ன பயன் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டாள்.

"அத உள்ள மாட்டு தம்பி," என்றாள். "காலைல மலைக்குக் கிளம்பணும்."

சின்னவன் எழுந்து தண்டைத் துடைத்தான்.